வீட்டுக் கொல்லையில் முதல் அக்வாபோனிக்ஸ்: தொட்டி, பம்பு, ஜல்லி வாங்கும் முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மீன் தொட்டித் தண்ணீரைச் செடிக்கு அனுப்பி, செடி வடிகட்டித் தரும் தண்ணீரை மறுபடி மீனுக்கே விடுவதுதான் அக்வாபோனிக்ஸ். மீன் வெளியேற்றும் அம்மோனியாவை, செடிப் பாத்தியில் மண்ணுக்குப் பதிலாக நிரப்பிய ஜல்லியில் ஒட்டி வளரும் பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்குகின்றன. அந்த நைட்ரேட்தான் செடிக்கு உரம். இதுவரை எல்லோருக்கும் புரிந்துவிடும். ஹார்டுவேர் கடையில் போய் நின்றதும்தான் குழப்பம் ஆரம்பிக்கும்.

தமிழ்நாட்டில் கொல்லைப்புறத்தில் எட்டு, பத்து சதுர மீட்டர் இடம் இருப்பவரை மனதில் வைத்து இந்தப் பதில்களை எழுதியிருக்கிறேன். எந்தப் பொருளாக இருந்தாலும் நான் அதைப் பார்த்துக் கேட்பது ஒன்றுதான்: ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் போனால் இது என்ன செய்யும்?

முதல் தடவைக்கு எத்தனை லிட்டர் தொட்டி வாங்கலாம்?

500 முதல் 1000 லிட்டர் வரை. "முதலில் 100 லிட்டரில் செய்து பார்க்கிறேன்" என்பவர்கள் அதிகம். அது சுலபமான வழி அல்ல, கஷ்டமான வழி. தண்ணீர் குறைவாக இருந்தால் சித்திரை வெயிலில் மதியத்துக்குள் சூடேறிவிடும். ஒரு பிடி தீனி கூடிப்போனாலும் அம்மோனியா எகிறிவிடும். தண்ணீர் அதிகமாக இருந்தால் நம் தவறுகள் மெதுவாகத்தான் மீனைச் சென்றடையும்.

தொட்டிக்கும் செடிப் பாத்திக்கும் கணக்கு எப்படி?

கணக்கைத் தீனியிலிருந்து தொடங்குங்கள். ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண் அமைப்பு 2014-ல் சிறிய அக்வாபோனிக்ஸுக்காக வெளியிட்ட கையேட்டில் ஓர் அளவு இருக்கிறது: கீரை வகைக்கு ஒரு சதுர மீட்டர் பாத்திக்கு நாளொன்றுக்கு 40 முதல் 50 கிராம் தீனி, காய்க்கும் செடிகளுக்கு 50 முதல் 80 கிராம்.

இதை 1000 லிட்டர் தொட்டிக்குப் போட்டுப் பார்ப்போம். வளர்ந்து முடிந்த மீன் மொத்தம் 10 கிலோ இருக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். உடல் எடையில் ஒன்றரை சதவீதம் தீனி என்றால் நாளைக்கு 150 கிராம். கீரைக்கு 50 கிராம் வீதம் வகுத்தால் 3 சதுர மீட்டர் பாத்தி. ஒரு அடி, அதாவது 30 சென்டிமீட்டர் ஆழம் என்றால் அதன் கொள்ளளவு 900 லிட்டர். தொட்டி எவ்வளவோ பாத்தியும் ஏறக்குறைய அவ்வளவு என்று அனுபவசாலிகள் சொல்வது இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது.

பாத்தி குறைந்தால் மீனைக் குறையுங்கள். விரலுக்குத் தகுந்த வீக்கம் போதும்.

சின்டெக்ஸ், ஐபிசி, நீல டிரம், சிமெண்ட் உறை, தார்ப்பாய்த் தொட்டி: இதில் எது?

பெரும்பாலானோருக்கு நான் சொல்வது ஐபிசி தொட்டி. இரும்புக் கம்பிக் கூண்டுக்குள் இருக்கும் அந்த 1000 லிட்டர் வெள்ளைத் தொட்டிதான். மேலிருந்து ஒரு அடி விட்டு, கூண்டையும் சேர்த்து கிரைண்டரால் அறுத்து, அறுத்த மேல்பகுதியைக் கவிழ்த்து வைத்தால் ஒரு சதுர மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான பாத்தி கிடைக்கும். மீதி, சுமார் 700 லிட்டர் மீன் தொட்டி. அடியில் இரண்டு இஞ்ச் வால்வு ஏற்கெனவே இருப்பதால் கசடு திறந்துவிடவும் வசதி. இந்த ஒரே பாத்தியோடு நிறுத்திக்கொண்டால் மீன் மூன்று, நான்கு கிலோவைத் தாண்டக் கூடாது. இதன் குறை, சுவர் வழியே வெளிச்சம் உள்ளே போகும், தண்ணீர் பச்சையாகிவிடும். கறுப்புப் பெயிண்ட் அடித்து, அதன் மேல் வெள்ளை அடித்துவிடுங்கள்.

சின்டெக்ஸ் மாதிரி கறுப்புத் தண்ணீர்த் தொட்டி எந்த ஊரிலும் கிடைக்கும், பாசி பிடிக்காது. ஆனால் வாய் சிறியது. வலை போட்டு ஒரு மீனைப் பிடிக்க முயன்றால் தெரியும், தோள்வரை கையை விட்டும் அகப்படாது. வாயைப் பெரிதாக்க வெட்டும்போது தொட்டியின் தோள்பட்டை வளைவை விட்டுவிட்டு நடுவில் மட்டும் வெட்டுங்கள். அந்த வளைவுதான் சுவரை நிமிர்த்திப் பிடித்திருக்கிறது; அதையும் எடுத்துவிட்டால் தண்ணீர் நிரம்பியதும் வயிறு தள்ளும். கறுப்பு வெயிலை இழுக்கும் என்பதால் நிழல் கட்டாயம்.

சிமெண்ட் உறைக்கு என் மனதில் தனி இடம் உண்டு. கிணற்றுக்கு இறக்கும் அதே உறைதான். நான்கு அடி விட்டத்தில், ஓர் அடி உயர உறை மூன்றை அடுக்கினால் ஆயிரம் லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும். வெயிலில் தண்ணீர் சீக்கிரம் சூடாகாது, எலி கடிக்காது, வட்டமாக இருப்பதால் கசடு நடுவில் கூடும். அடியில் கான்கிரீட் தளம் போட்டு, இணைப்புகளைக் கசியாமல் பூச வேண்டும். புது சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு இறங்கி பிஎச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு) ஏறும் என்பதால் உடனே மீன் விட முடியாது. நம் ஊரில் வாழைமரத் துண்டுகளை வெட்டிப் போட்டு ஊறவைத்து, தண்ணீரை இறைத்துவிட்டு மறுபடி நிரப்புவார்கள். செய்யலாம். ஆனால் தொட்டி தயாரா என்பதை வாழைத்தண்டு சொல்லாது, பிஎச் கிட்தான் சொல்லும். நிரப்பிய தண்ணீரின் பிஎச் ஒரு வாரம் ஏறாமல் நிற்கும்வரை மாற்றிக்கொண்டே இருங்கள். ஒருமுறை வைத்த இடத்திலிருந்து நகர்த்த முடியாது, அதுவும் நினைவிருக்கட்டும்.

200 லிட்டர் நீல டிரம்மை நெடுக்காகப் பிளந்தால் இரண்டு நல்ல பாத்தி கிடைக்கும். மீன் தொட்டியாக அது சிறியது. பயோபிளாக் முறையில் தொட்டியில் நெருக்கமாக மீன் வளர்ப்பவர்கள் வைக்கும் தார்ப்பாய்த் தொட்டி கொல்லைக்குப் பெரியது. எலித்தொல்லை உள்ள வீடு என்றால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

பழைய டிரம், பழைய ஐபிசி வாங்கினால் ஆபத்தா?

உள்ளே முன்பு என்ன இருந்தது என்பதைப் பொறுத்தது. அம்பத்தூர், ஓசூர் மாதிரி தொழிற்பேட்டை உள்ள ஊர்களில் பழைய டிரம் வியாபாரிகளிடம் மலிவாகக் கிடைக்கும். லேபிள் ஒட்டியிருக்கும் டிரம்மை மட்டும் எடுங்கள். குளுக்கோஸ் சிரப், சமையல் எண்ணெய், உணவு எசென்ஸ் என்றால் சோப்பும் வெந்நீரும் போட்டுக் கழுவிப் பயன்படுத்தலாம். லேபிள் கிழிந்திருந்தாலோ, மூடியைத் திறந்ததும் பெயிண்ட், தின்னர், பூச்சிமருந்து வாடை வந்தாலோ இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். பிளாஸ்டிக் அதை உறிஞ்சி வைத்திருக்கும். பல மாதம் கழித்தும் கசியும். அடியில் முக்கோணத்துக்குள் 2 என்று இருந்தால் அது எச்டிபிஇ, நல்ல பிளாஸ்டிக். ஆனால் அந்த 2 டிரம்மைப் பற்றித்தான் சொல்கிறது, உள்ளே இருந்த சரக்கைப் பற்றி அல்ல.

மொட்டை மாடியில் வைக்கலாமா?

என்ஜினியரைக் கேட்காமல் வைக்காதீர்கள். ஆள் நடமாடும் தட்டையான கூரைக்கு இந்தியத் தரநிலை ஐஎஸ் 875 எடுத்துக்கொள்ளும் பளு சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோதான். ஓர் அடி ஆழ ஜல்லிப் பாத்தி ஒரு சதுர மீட்டருக்கு 450 கிலோ, அதில் நிற்கும் தண்ணீர் 120 கிலோ. ஒரு மீட்டர் ஆழத் தொட்டி என்றால் சதுர மீட்டருக்கு ஒரு டன்.

பாத்தியில் எந்த ஜல்லி போடுவது?

வீடு கட்டும் கருங்கல் ஜல்லியே போதும். அரை இஞ்ச், முக்கால் இஞ்ச் அளவு. சிப்ஸ் மிகச் சிறியது, வேரும் கசடும் சேர்ந்து அடைத்துவிடும். ஒன்றரை ஜல்லியில் நாற்று நிற்காது, பாக்டீரியா ஒட்டும் பரப்பும் குறைவு. 900 லிட்டர் பாத்திக்கு 32 கன அடி, கிட்டத்தட்ட மூன்றில் ஒரு யூனிட் (ஜல்லிக் கணக்கில் ஒரு யூனிட் 100 கன அடி). எடை 1350 கிலோவுக்குக் குறையாது. அதனால் பாத்தியைத் தாங்கும் ஹாலோ பிளாக்கைப் பாத்தியின் நான்கு மூலையில் மட்டும் வைக்காமல் அடி முழுக்கத் தாங்கும்படி அடுக்குங்கள்.

வாங்கும் முன் இரண்டு கல்லை எடுத்து வந்து வினிகரோ எலுமிச்சைச் சாறோ ஊற்றிப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்புக் கல், வேண்டாம். பிஎச்சை ஏற்றிக்கொண்டே இருக்கும். அரியலூர்ப் பக்கம் இருப்பவர்களும், மண்ணுக்கடியில் முழுக்கச் சுண்ணாம்புப் பாறையாக உள்ள யாழ்ப்பாணத்து வாசகர்களும் இந்தச் சோதனையைத் தவிர்க்கக் கூடாது. பிறகு கழுவுதல். கிரஷர் தூசி போகும்வரை கூடை கூடையாக அலச வேண்டும், முதுகு ஒடியும் வேலை, குறுக்குவழி இல்லை.

சுட்ட களிமண் உருண்டைகள் எடை குறைவு, கைக்கும் இதம். விலையைக் கேட்டுவிட்டு ஜல்லிக்கே திரும்பி வருவீர்கள்.

எத்தனை லிட்டர் பம்பு வாங்க வேண்டும்?

தொட்டித் தண்ணீர் முழுவதும் மணிக்கு ஒரு தடவை சுற்ற வேண்டும். 1000 லிட்டர் தொட்டிக்கு மணிக்கு 1000 லிட்டர். ஆனால் பெட்டியில் "1000 எல்.பி.எச்" (மணிக்கு இத்தனை லிட்டர்) என்று போட்ட பம்பை வாங்கினால் ஏமாந்துபோவீர்கள். அந்த எண் உயரமே ஏறாமல் தள்ளும்போது வரும் அளவு. பக்கத்தில் போட்டிருக்கும் அதிகபட்ச உயரத்தில் தண்ணீர் வரவே வராது, அங்கே அளவு பூஜ்யம். ஆக 2500 எல்.பி.எச், 2.5 மீட்டர் என்று போட்ட பம்பு, 1.2 மீட்டர் ஏற்றும்போது ஏறக்குறைய பாதிதான் தரும். எல்போ, வால்வு தின்றது போக ஆயிரம் மிஞ்சும். அதுதான் உங்களுக்கு வேண்டிய பம்பு.

இது 24 மணி நேரமும் ஓடும். 50 வாட் என்றால் நாளைக்கு 1.2 யூனிட், இரண்டு மாத பில்லில் 72 யூனிட் கூடும். வீட்டில் சும்மா கிடக்கும் அரை எச்பி மோட்டாரைப் போட்டால் நாளைக்குக் குறைந்தது 9 யூனிட். "இருக்கிற மோட்டாரையே போடலாமா?" என்பதற்கு இந்தக் கணக்கே பதில்.

எண்ணெய் நிரப்பிய சப்மெர்சிபிள் வேண்டாம், சீல் போனால் எண்ணெய் தொட்டிக்குள் இறங்கும். மேக்னெட்டில் சுழலும் மீன்தொட்டி வகைப் பம்பு நல்லது. கூலர் பம்பு மலிவுதான், ஆனால் இந்த உயரத்துக்கு மூச்சு வாங்கும்.

பெல் சைபன் அவசியமா? டைமர் போதாதா?

பாத்தி நிரம்பியதும் தண்ணீரைத் தானாக இழுத்துக் காலியாக்கும் குழாய் அமைப்பு பெல் சைபன்; பம்பை விட்டுவிட்டு ஓடவைப்பது டைமர். முதல் மாதத்துக்கு இரண்டும் வேண்டாம். பாத்தியின் அடியில் டேங்க் நிப்பிள் போட்டு, 25 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஓர் இஞ்ச் குழாயை நிறுத்துங்கள். தண்ணீர் அந்த உயரம் வந்ததும் குழாய்க்குள் வழிந்து தொட்டிக்குத் திரும்பும். மேலே ஐந்து சென்டிமீட்டர் ஜல்லி காய்ந்தே இருப்பதால் பாசியும் கொசுவும் அண்டாது. குழாயின் அடியில் சின்னதாக ஓர் ஓட்டை. கரண்ட் போனால் பாத்தி மெல்ல வடிந்து, வேருக்குக் காற்று கிடைக்கும்.

பிறகு ஆசை வந்தால் அதே குழாயின் மேல், தலையில் மூடி போட்ட இரண்டரை இஞ்ச் குழாயைக் கவிழ்த்தால் அது பெல் சைபன். சுற்றிலும் ஜல்லி நெருங்காமல் இருக்க ஓட்டை போட்ட நான்கு இஞ்ச் குழாய். பாத்தி நிரம்பியதும் சடாரென்று இழுத்துக் காலியாகும், மறுபடி நிரம்பும். வரத்துத் தண்ணீர் மெதுவாக இருந்தால் சைபன் பிடிக்காமல் சும்மா வழியும். வேகமாக இருந்தால் பிடித்த சைபன் விடாமல் ஓடிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு பாத்திக்கும் ஒரு பால் வால்வு வைத்துத் திருப்பித் திருப்பித்தான் சரியான இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. ஜல்லிக்கு நடுவே உள்ள இடைவெளி நாற்பது சதவீதம் அளவுக்கு இருக்கும். 900 லிட்டர் பாத்தி நிரம்பும்போது 360 லிட்டர் தண்ணீர் தொட்டியை விட்டு மேலே போய்விடும். அதை மூன்று பாத்தியாகப் பிரித்து வைத்தாலும், மூன்றும் ஒரே நேரத்தில் நிரம்பினால் 1000 லிட்டர் தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகும். மூன்று பாத்திக்கும் வரத்தைக் கொஞ்சம் வித்தியாசமாக வையுங்கள், நிரம்பும் நேரம் மாறி மாறி வரும்.

குழாய் வேலையில் எதைக் கவனிக்க வேண்டும்?

திரும்பும் குழாய், வரும் குழாயைவிடப் பெரியதாக இருக்க வேண்டும். ஒவ்வொரு பாத்தியிலும் விளிம்புக்குக் கீழே இன்னொரு வழிகால் வைத்து அதையும் தொட்டிக்குள்ளேயே விடுங்கள். புதினா வேர் ஒருநாள் வடிகுழாயை அடைக்கத்தான் போகிறது; வழிகால் இல்லையென்றால் பம்பு விடியவிடிய மீன் தண்ணீரை மண்ணில் இறைத்துவிடும். அதே காரணத்துக்காக, இணைப்புகள் எல்லாம் தொட்டிக்கோ பாத்திக்கோ நேர் மேலே வரும்படி அமையுங்கள். கசிந்தாலும் உள்ளேயே விழட்டும். பம்பைத் தரையில் வைக்காமல் இரண்டு செங்கல் உயரத்தில் வைத்தால், என்ன ஆனாலும் அடியில் கொஞ்சம் தண்ணீர் மிஞ்சும்.

தனியாகக் கீழ்த்தொட்டி வைத்து அதிலிருந்து மீன் தொட்டிக்கு ஏற்றுபவர்கள், ஏற்றும் குழாயின் முனையைத் தண்ணீருக்குள் முக்கக் கூடாது. கரண்ட் போன நொடியே தண்ணீர் பின்னோக்கி இழுத்து, கீழ்த்தொட்டி வழிந்து, மீன் தொட்டி வற்றும். முனை தண்ணீருக்கு மேல் நிற்கட்டும்.

பிவிசி போதும். ஜிஐ குழாய், பித்தளை வால்வு, செம்பு எதுவும் வேண்டாம். துத்தநாகமும் செம்பும் மீனுக்கு விஷம்.

கரண்ட் போனால் மீன் எவ்வளவு நேரம் தாங்கும்?

நினைப்பதைவிடக் குறைவு. 30 டிகிரித் தண்ணீரில் ஆக்சிஜன் அதிகபட்சம் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம்தான் கரையும். நடைமுறையில் ஏழு என்றால், 1000 லிட்டரில் மொத்தம் 7 கிராம். லிட்டருக்கு மூன்று மில்லிகிராமுக்குக் கீழே போனால் மீன் திணறும். ஆக, செலவழிக்கக் கையில் இருப்பது 4 கிராம். தீனி தின்ற மீன் வெயில் காலத்தில் கிலோவுக்கு மணிக்குச் சுமார் 300 மில்லிகிராம் எடுக்கும். 10 கிலோவுக்கு 3 கிராம். ஒன்றேகால் மணி நேரம், அதற்குமேல் வாயை மேலே நீட்ட ஆரம்பிக்கும். மீன் ஐந்து கிலோவாக இருந்தால் அந்த நேரம் இரட்டிப்பாகும். முதல் வருடம் பாதி மீன்தான் விடுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

தண்ணீர்ப் பம்பைவிட ஏர் பம்பு முக்கியம். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் ஏர் பம்பை மட்டும் அந்த லைனில் கொடுங்கள். இல்லாவிட்டால் 5 வாட் டிசி ஏர் பம்பும், யுபிஎஸ்ஸில் வரும் 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரியும் ஓர் இரவைத் தாண்ட உதவும். கரண்ட் போனதும் தானாக ஓடும் வகை வாங்குங்கள். ராத்திரி எழுந்து ஸ்விட்ச் போடும் ஏற்பாடு மழைக்காலத்தில் கைகொடுக்காது. ஏர் பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே மாட்டுங்கள், நின்றவுடன் டியூப் வழியே தண்ணீர் ஏறி அதைக் கெடுக்காமல் இருக்கும்.

சோலார் போடலாமா?

போடலாம், இரண்டாம் வருடம்.

தனி ஃபில்டர் வேண்டுமா?

ஜல்லிப் பாத்தி இருந்து, மீனும் அளவோடு இருந்தால் வேண்டாம். பாத்தியே ஃபில்டர். தெர்மாகோல் மிதவையிலோ குழாயில் ஓட்டை போட்டோ செடி வளர்க்க நினைத்தால் கசடுக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று என்று தனித்தனி ஃபில்டர் தேவை. முதல் அமைப்புக்கு அந்த வழி வேண்டாம் என்பது என் கருத்து.

போர் தண்ணீர் விடலாமா? என்னென்ன டெஸ்ட் கிட் வாங்குவது?

விடலாம், ஆனால் பூமிக்கடியிலிருந்து வருவதில் ஆக்சிஜன் குறைவு. ஒருநாள் காற்றடித்துவிட்டு மீன் விடுங்கள். மாநகராட்சித் தண்ணீர் என்றால் குளோரின் போக ஓரிரு நாள் ஏர் ஸ்டோன் ஓடட்டும்.

அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பிஎச் நான்கும் பார்க்கும் சொட்டு மருந்துக் கிட் வாங்குங்கள். நம் ஊர் போர் தண்ணீர் பல இடங்களில் பிஎச் 8-ஐத் தொடும். 30 டிகிரியில் ஒரே அளவு அம்மோனியா, பிஎச் 7-ல் இருப்பதைவிட 8-ல் சுமார் ஒன்பது, பத்து மடங்கு விஷம். அந்த பிஎச்சில் செடிக்கு இரும்புச்சத்தும் ஏறாது. இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். மழைநீர் சேகரிப்பை இந்தத் தொட்டிப் பக்கம் திருப்பிவிட முடியுமானால் பாதி வைத்தியம் அதிலேயே முடியும். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை இப்போது வாங்க வேண்டாம்.

எந்த மீனை மனதில் வைத்துத் தொட்டி வாங்குவது?

பழகுவதற்குக் கோல்டு ஃபிஷ், கோய் போதும். சென்னைக்காரர்களுக்குக் கொளத்தூர் வண்ணமீன் கடைகள் இருக்கின்றன. சாப்பிடும் மீன் என்றால் பனையேறிக் கெண்டையும் விராலும் வெளிக்காற்றைச் சுவாசிப்பவை, கரண்ட் வெட்டைத் தாங்கும். ஆனால் விரால் தாண்டும், ஒன்றையொன்று தின்னும். கட்லா இந்த அளவுத் தொட்டிக்கான மீன் அல்ல. ஜிலேபி எதையும் தாங்கும், ஆனால் வளர்ப்புக்கு அனுமதி தேவை என்பதால் மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தி இந்தியாவில் தடை செய்யப்பட்டது, யார் குஞ்சு தருவதாகச் சொன்னாலும் வாங்காதீர்கள்.

எந்த மீனானாலும் மேலே வலை. பூனை, காகம், மீன்கொத்தி எல்லாவற்றுக்கும் உங்கள் முகவரி தெரிந்துவிடும்.

ஈரமான இடத்தில் கரண்ட், பயமில்லையா?

பயம் வேண்டும். இந்த லைனுக்கு, மின்கசிவு வந்தால் தானாகக் கரண்டை வெட்டும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி தனியாகப் போடச் சொல்லுங்கள். வயர் பிளக்குக்குப் போகும் முன் கீழே தொங்கி மேலேறட்டும், வழியும் தண்ணீர் அந்தத் தாழ்வில் சொட்டிவிடும். ஸ்விட்சை அணைக்காமல் தொட்டிக்குள் கை விடக் கூடாது, பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

எல்லாம் வாங்கியாயிற்று. மீன் குஞ்சு எப்போது விடலாம்?

முதலில் மீன் இல்லாமல் ஒரு வாரம் ஓட்டுங்கள். அந்த வாரத்தில் வேண்டுமென்றே மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு அரை மணி நேரம் நின்று பாருங்கள்: தொட்டி வழிகிறதா, பாத்தி வடிகிறதா, ஏர் பம்பு தானாக எழுந்ததா என்று. பிறகு பத்துப் பன்னிரண்டு சிறு மீன், மிகக் குறைந்த தீனி. முதலில் அம்மோனியா ஏறி இறங்கும், அடுத்து நைட்ரைட் ஏறி இறங்கும். நம் வெப்பத்தில் மூன்றிலிருந்து ஆறு வாரம் பிடிக்கலாம். இரண்டும் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்து, நைட்ரேட் தெரிய ஆரம்பித்ததும் மீதிக் குஞ்சுகளை விட்டு, பாத்தி முழுக்கக் கீரை நாற்று வையுங்கள்.